கேட்டதும் சொன்னதும்: வலி, இன்பம், மூளைச் சுரப்புகள்

வலியையும் மகிழ்ச்சியையும் மூளை எப்படிக் கையாள்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு, வலி சிகிச்சை மருத்துவர்களும் நரம்பியல் மருத்துவர்களும் பதில் தருகிறார்கள். இதில் வரும் மருந்து அளவுகள் பெரியவர்களுக்குப் பொதுவாகத் தரப்படுபவை. உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: கால்விரலை மேசைக்காலில் இடித்துக்கொண்டால் உயிரே போகிறது, தேய்த்தால் குறைகிறது. ஆனால் விபத்தில் கை முறிந்த என் நண்பனுக்கு அரை மணி நேரம் வலியே தெரியவில்லை. இது என்ன கணக்கு?

பதில்: இரண்டுமே வலியைத் தடுக்கும் ஏற்பாடுகள்தான். ஒன்று கீழே நடக்கிறது, மற்றொன்று மேலிருந்து வருகிறது.

இடித்த விரலிலிருந்து இரண்டு வகை நரம்பு இழைகள் சேதி கொண்டுபோகின்றன. ஏ-டெல்டா இழையின் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். முதலில் வரும் 'சுரீர்' அதனுடையது. சி இழைக்கு வேகம் கூட்டும் மயலின் உறை கிடையாது, நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான் போகும். சற்றுப் பின்னால் வந்து விடாமல் கடுக்கிறதே, அது இதன் வேலை. தொடுதலைச் சுமக்கும் ஏ-பீட்டா இழை இவை இரண்டையும்விட வேகமானது. நீங்கள் தேய்க்கும்போது அந்த இழை தண்டுவடத்தில் உள்ள தடுப்பு நரம்பு செல்களை உசுப்பிவிடுகிறது. அவை வலிச் சேதியை மூளைக்கு ஏற்றும் செல்களை அடக்குகின்றன. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாயில் கோட்பாடு' சொல்வது இதைத்தான். அதன் நுணுக்கங்கள் பின்னால் நிறையத் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது. உடலே சுரக்கும் வலி மருந்தான என்டார்ஃபினுக்கு இங்கே பெரிய பங்கு இல்லை. காபா, கிளைசின் என்ற தடுப்பு வேதிப்பொருட்களே முக்கியம்.

நண்பரின் கதை வேறு. ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும், நடுமூளையில் உள்ள ஒரு சாம்பல்நிறப் பகுதியிலிருந்து முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கு உத்தரவு இறங்குகிறது. என்டார்ஃபின், என்கெஃபலின், நார்அட்ரினலின், செரட்டோனின் எல்லாம் இந்தப் பாதையில் வேலை செய்பவை. என்டார்ஃபினின் உறவான என்கெஃபலின் தன் ஏற்பியில் (செல்லில் அது ஒட்டும் இடத்தில்) போய் ஒட்டியதும் இரண்டு காரியம் நடக்கிறது. வலி கொண்டுவரும் நரம்பின் முனையில் கால்சியம் நுழையும் வழி அடைபடுகிறது, அதனால் வலிச் சேதியைக் கடத்தும் குளுட்டமேட்டும் சப்ஸ்டன்ஸ் பி-யும் வெளியே வருவதில்லை. சேதியை வாங்கும் செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வழி திறக்கிறது, அந்தச் செல் மந்தமாகிவிடுகிறது. இரண்டாம் உலகப்போரில் படுகாயமடைந்த வீரர்களைக் கவனித்த ஹென்றி பீச்சர், அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கேட்டபோதும் வலி மருந்து வேண்டாம் என்றதாக 1946-இல் எழுதினார். போர்முனையை விட்டு உயிரோடு வெளியேறுகிறோம் என்ற நிம்மதிக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவர் கருத்து.

நடைமுறைக்கு ஒன்று: விபத்தில் சிக்கியவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து நிற்பதை நம்பாதீர்கள். வலி இல்லாதது காயம் இல்லாததற்குச் சான்று ஆகாது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கும் என்று சந்தேகம் இருந்தால், அவர் எவ்வளவு சொன்னாலும் நடக்கவிடக் கூடாது. இந்தத் தற்காலிக மறைப்பு விலகும்போது வலி மொத்தமாக வந்து சேரும்.

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் என்டார்ஃபின் அளவைப் பார்க்க முடியுமா? அது குறைவாக இருந்தால் மாத்திரையால் ஏற்றலாமா?

பதில்: தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்ப்பதுபோல நினைக்கிறீர்கள். அப்படி ஒரு தொட்டி இல்லை. இரத்தத்தில் அளக்கப்படும் பீட்டா-என்டார்ஃபின் பெரும்பாலும் பிட்யூட்டரி சுரப்பி வெளிவிட்டது. அது 31 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை எளிதில் தாண்டாது. ஆகவே இரத்தத்தில் உள்ள அளவு, மூளைக்குள் எந்த மூலையில் எவ்வளவு சுரந்தது என்று சொல்லாது. என்கெஃபலின் ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்டது, சில நிமிடங்களில் சிதைந்துவிடும். 1975-இல் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் அதைப் பன்றி மூளையிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள்.

'என்டார்ஃபினைத் தூண்டும்' என்று விற்கப்படும் மாத்திரைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். என்கெஃபலின் சிதைவதைத் தடுக்கும் மருந்து ஒன்று உண்மையிலேயே புழக்கத்தில் இருக்கிறது. ரேஸ்கேடோட்ரில் என்று பெயர். அது வயிற்றுப்போக்குக்கான மருந்து! மூளைக்குள் போகாமல் குடலோடு நின்றுவிடுவதால்தான் அது பாதுகாப்பானது. அதைச் சாப்பிட்டு யாரும் பரவசம் அடைந்ததில்லை.

கேள்வி: ஓடினால் ஒருவித மயக்கமான மகிழ்ச்சி வரும் என்கிறார்கள். தினமும் 20 நிமிடம் ஓடுகிறேன். மூச்சு வாங்குகிறதே தவிர மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. (வயது 41, இடுப்பு வலி உண்டு)

பதில்: வராதவர்களே அதிகம். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

ஓட்டப் பரவசத்துக்கு என்டார்ஃபின்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 2008-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், இரண்டு மணி நேரம் ஓடிய வீரர்களின் மூளையை ஸ்கேன் செய்து, ஓபியாய்டு ஏற்பிகளில் (என்டார்ஃபினும் மார்ஃபினும் ஒட்டும் இடங்களில்) மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் 2021-இல் வெளியான மற்றொரு ஆய்வில், அந்த ஏற்பிகளை நால்ட்ரெக்ஸோன் கொடுத்து அடைத்த பிறகும் 45 நிமிட ஓட்டத்துக்குப் பின் பரவசம் வந்தது, பதற்றமும் குறைந்தது. எனவே சந்தேகம் இப்போது ஆனந்தமைடு போன்ற எண்டோகன்னாபினாய்டுகள் (கஞ்சாவின் வேலையை ஒத்த, உடலே சுரக்கும் பொருட்கள்) பக்கம் திரும்பியிருக்கிறது. இவை கொழுப்பில் கரைபவை, மூளைத் தடுப்பைச் சுலபமாகத் தாண்டும். வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு கூட்டமும் சேர்ந்தே வேலை செய்யலாம்.

உங்கள் பிரச்சினை நேரமும் வேகமும். அந்த 2021 ஆய்வின் அளவுக்குச் சுமார் முக்கால் மணி நேரம் மிதமான வேகத்தில் ஓட வேண்டும், அதாவது பேச முடியும், பாட முடியாது என்ற நிலையில். 20 நிமிடத்தில் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். வேகத்தைக் குறைத்து நேரத்தை நீட்டுங்கள்.

இடுப்பு வலி இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு உடற்பயிற்சி வலி உணர்வைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும். ஆனால் நாள்பட்ட வலி உள்ள சிலருக்கு அந்தத் தடுப்பு ஏற்பாடே பலவீனமாக இருக்கும், பயிற்சி செய்தால் வலி கூடும். நல்ல நாளில் ஆர்வத்தில் மிகையாக ஓடிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. வலி கூடாமல் எத்தனை நிமிடம் முடிகிறது என்று மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கில் தொடங்குங்கள். நல்ல நாளானாலும் கெட்ட நாளானாலும் அதே அளவுதான். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: முழங்கால் வலிக்கு டென்ஸ் கருவி வாங்கினேன். முதல் நான்கு நாள் நன்றாக இருந்தது, பிறகு பலனே இல்லை. கருவி கெட்டுவிட்டதா?

பதில்: கருவி அநேகமாக நன்றாகவே இருக்கும். உங்கள் ஏற்பிகள்தான் பழகிவிட்டன.

டென்ஸ் என்பது தோல் வழியாக நரம்புக்கு மெல்லிய மின்துடிப்பு செலுத்தும் கருவி. அதில் இரண்டு முறைகள் உண்டு. 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அதிக அதிர்வெண்ணில், வலி இல்லாத ஆனால் தெளிவான விறுவிறுப்பு தெரியும்படி வைப்பது ஒன்று. 2 முதல் 4 ஹெர்ட்ஸ் குறைந்த அதிர்வெண்ணில், தசை துடிக்கும் அளவுக்கு வைப்பது மற்றொன்று. முதல் முறையில் கருவியை நிறுத்தியதும் பலன் சீக்கிரம் போய்விடும். இரண்டாவது மெதுவாகத் தொடங்கும், சற்று நேரம் நிற்கும். விலங்கு ஆய்வுகளில், குறைந்த அதிர்வெண் மியூ வகை ஓபியாய்டு ஏற்பிகள் வழியாகவும், உயர் அதிர்வெண் டெல்டா வகை வழியாகவும் வேலை செய்வது தெரிந்தது. ஏற்கெனவே ட்ரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களிடம் குறைந்த அதிர்வெண் முறை எடுபடாமல் போவதற்கு இதுவே காரணம். மியூ ஏற்பிகள் மருந்துக்கே பழகிப்போயிருக்கும். அவர்கள் உயர் அதிர்வெண்ணையே வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே அதிர்வெண்ணில், ஒரே அளவில் தினமும் வைத்தால் நான்கைந்து நாளில் பழக்கமாகிவிடும். உங்களுக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். ஒருநாள் உயர்ந்தது, ஒருநாள் தாழ்ந்தது என்று மாற்றுங்கள், அல்லது கருவியில் தானே மாறும் நிரல் இருந்தால் அதைப் போடுங்கள். ஒரு தடவைக்கு 30 நிமிடம் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விறுவிறுப்பு மங்கினால் மின்னளவைச் சற்று ஏற்றுங்கள். லேசாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவது பலன் இல்லாமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம்.

ஒட்டுப்பட்டைகளையும் பாருங்கள். முழங்கால் மூட்டின் இருபுறமும், ஒன்றையொன்று தொடாமல் குறைந்தது மூன்று செ.மீ. இடைவெளியில், சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைத்த தோலில் ஒட்ட வேண்டும். எண்ணெய், கிரீம் தடவிய தோலில் மின்சாரம் சீராகப் பாயாது. பசை காய்ந்து ஓரம் தூக்கினால் ஒரே புள்ளியில் குவிந்து சுருக்கென்று குத்தும். அப்போது பட்டையை மாற்றுங்கள், மின்னளவைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். கருவியை வைப்பதற்கு முன் காஃபீன் வேண்டாம். 200 மில்லிகிராம் காஃபீன் டென்ஸின் பலனைக் குறைத்ததாக 1995-இல் ஓர் ஆய்வு வந்தது.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் வைக்கவே கூடாது. கழுத்தின் முன்பக்கம், புண், உணர்வற்று மரத்த தோல், கர்ப்பிணியின் வயிறு, புற்றுக்கட்டி உள்ள இடம் ஆகியவையும் விலக்கு.

கேள்வி: சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று போனேன். மருத்துவர் மனச்சோர்வு மாத்திரை எழுதியிருக்கிறார். என் வலியைக் கற்பனை என்கிறாரா?

பதில்: இல்லை. எழுதியது பொருத்தமான மருந்துதான். ஏன் என்று விளக்கியிருக்கலாம், அவ்வளவே.

மேலிருந்து கீழிறங்கும் தடுப்புப் பாதை பற்றி முதல் பதிலில் பார்த்தோம். அதன் கடைசிக் கட்டத்தில் முக்கியமானது நார்அட்ரினலின். டுலாக்ஸிட்டின், அமிட்ரிப்டைலின் இரண்டும் அது திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்துத் தண்டுவடத்தில் அதிக நேரம் நிற்கவைக்கின்றன. செரட்டோனினை மட்டும் தொடும் ஃபுளூவாக்ஸிட்டின் போன்றவை மனச்சோர்வுக்கு உதவினாலும் நரம்பு வலிக்கு அவ்வளவாக உதவுவதில்லை. வலி குறைவது மனம் தெளிவதால் மட்டும் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. அளவிலும் வித்தியாசம் உண்டு. அமிட்ரிப்டைலினை மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். வலிக்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள்.

டுலாக்ஸிட்டின் என்றால் வழக்கமாக முதல் வாரம் 30, பிறகு 60 மில்லிகிராம். முதல் சில நாள் குமட்டல் வரும், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். பலருக்குக் குமட்டல் முதல் நாளே வந்துவிடும், பலன் வர இரண்டு வாரமாவது ஆகும். அந்த இடைவெளியில்தான் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். நான்கு முதல் எட்டு வாரம் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். எல்லோருக்கும் கேட்கும் என்றும் இல்லை. மருந்தால் மட்டுமே வலி பாதியாகக் குறைபவர்கள் ஐந்தாறு பேரில் ஒருவர்தான். நிறுத்துவதென்றால் படிப்படியாக. திடீரென்று விட்டால் தலைசுற்றலும், உடலில் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வும் வரும்.

வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். குறிப்பாக ட்ரமடால். அதுவும் செரட்டோனினைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று ஆபத்தான நிலைக்குப் போகலாம். கல்லீரல் கோளாறோ கண் அழுத்தமோ இருந்தால் டுலாக்ஸிட்டினுக்கு முன் சொல்லிவிடுங்கள். சிறுநீர் சரியாகப் போகாதது, இதயத்துடிப்புக் கோளாறு இருந்தால் அமிட்ரிப்டைலினுக்கு முன்.

கேள்வி: புற்றுநோய் வலிக்காக அம்மாவுக்கு மார்ஃபின் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள். அடிமையாகிவிடுவாரோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். முடிந்தவரை தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். மார்ஃபின் ஒட்டும் ஏற்பிகள் என்டார்ஃபினுக்காக உடலே வைத்திருப்பவை. அம்மாவின் உடல் சுரக்கும் அளவு அந்த வலிக்குப் போதவில்லை. நாளடைவில் அளவு கூட வேண்டியிருப்பதும், திடீரென்று நிறுத்தினால் உடல் தவிப்பதும் ஏற்பிகள் பழகுவதன் விளைவு. அடிமைத்தனம் என்பது தீங்கு தெரிந்தும் மருந்தைத் தேடி அலையும் நடத்தை. மருத்துவர் மேற்பார்வையில் புற்றுநோய் வலிக்கு எடுப்பவர்களிடம் அது அரிது.

கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. அதே மியூ ஏற்பிகள் குடலிலும் உள்ளன, ஆகவே மலச்சிக்கல் வந்தே தீரும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் ஒரு வாரத்தில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. முதல் மாத்திரையோடு மலமிளக்கியையும் தொடங்கிவிட வேண்டும், அதுவும் குடலை இயக்கும் வகை. வெறும் நார்ச்சத்துத் தூள் மட்டும் கொடுத்தால் அசையாத குடலில் அடைத்துக்கொண்டு நிலைமை மோசமாகும்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வரும்வரை காத்திருந்து கொடுப்பது தவறு, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். இடையில் வலி பீறிட்டால் கொடுக்க ஒரு கூடுதல் அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக அது நாள் மொத்த அளவில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை. 12 மணி நேரம் வேலை செய்யும் வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரே அடியாக இறங்கிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் மார்ஃபினின் விளைபொருட்கள் தேங்கும், அளவு மாற வேண்டும். தூக்க மாத்திரையை உங்களாகச் சேர்க்காதீர்கள். எழுப்பினால் எழாமல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழ் போனால் உடனே மருத்துவமனைக்கு. மார்ஃபினை ஏற்பியில் ஒட்டவிடாமல் தடுக்கும் நாலாக்ஸோன் ஊசி அதற்கென்றே இருக்கிறது.

கேள்வி: வெறும் சர்க்கரை உருண்டையைக் கொடுத்தாலும் வலி குறைகிறதாமே? அப்படியானால் வலியே பொய்தானே?

பதில்: வலியும் பொய் அல்ல, குறைவதும் பொய் அல்ல. 1978-இல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்குப் போலி மருந்து கொடுத்தார்கள். பலன் கண்டவர்களுக்கு நாலாக்ஸோன் செலுத்தியதும் வலி கூடியது. நம்பிக்கை உடலின் ஓபியாய்டுகளைச் சுரக்கவைத்தது, நாலாக்ஸோன் அவற்றைத் தடுத்தது. உண்மையான வலி மருந்தைக்கூட நோயாளிக்குத் தெரியாமல் குழாய் வழியாகச் செலுத்தினால், சொல்லிவிட்டுச் செலுத்துவதைவிடப் பலன் குறைவு. எனவே வீட்டில் மாத்திரை கொடுக்கும்போது இது எதற்கு, எப்போது கேட்கும் என்று சொல்லிக் கொடுங்கள். செலவில்லாத கூடுதல் மருந்து அது.

கேள்வி: தலைவலி மாத்திரை போட்டால்தான் நாள் ஓடுகிறது. இப்போது தினமும் தலைவலி.

பதில்: மாத்திரையே காரணமாக இருக்கலாம். பாராசிட்டமால் போன்ற தனி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான், ஓபியாய்டு வகையான கோடீன், கூட்டு மாத்திரைகளை 10 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்துக்கு அதிகமாக எடுத்தால் இந்நிலை வரும். நாட்குறிப்பில் குறித்து எண்ணிப் பாருங்கள். தனி மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தலாம், முதல் வாரம் கடினமாக இருக்கும். கோடீன் கலந்ததை மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: கைப்பேசியை 24 மணி நேரம் விட்டால் டோபமைன் சுத்தமாகி, சின்ன விஷயங்களிலும் இன்பம் திரும்பும் என்கிறான் மகன். உண்மையா?

பதில்: கைப்பேசியை விடுவது நல்லது, காரணம்தான் தவறு. டோபமைன் மூளை செல்கள் சேதி கடத்தும் வேதிப்பொருள், அது கழிவு அல்ல, சுத்தம் செய்ய. அது குறைந்தால் என்ன ஆகும் என்று, நடுக்கமும் உடல் இறுக்கமுமாக அவதிப்படும் பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தால் தெரியும்.

அதை 'இன்ப ஹார்மோன்' என்பதும் பாதி தவறு. டோபமைனை ஏறக்குறைய முழுதாக அழித்த எலிகளின் வாயில் இனிப்பு நீரை விட்டால் அவை வழக்கம்போல ரசித்து நக்கும், ஆனால் தேடிப் போகாது. ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் இதிலிருந்து வேட்கை வேறு, சுவைப்பு வேறு என்று பிரித்தார். வேட்கைக்கு டோபமைன். சுவைப்பு பெரிதும் ஓபியாய்டு, எண்டோகன்னாபினாய்டு வேலை. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் கண்டது இன்னும் நுட்பமானது. எதிர்பாராத பரிசுக்கு டோபமைன் செல்கள் துடிக்கும். பழகிய பின் பரிசுக்குத் துடிக்காமல் அதை முன்னறிவிக்கும் விளக்குக்குத் துடிக்கும். விளக்கு எரிந்தும் பரிசு வராவிட்டால் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே விழும். அறிவிப்பு ஒலி கேட்டதும் கை தானாகக் கைப்பேசிக்குப் போவதும், திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லாமல் சப்பென்று ஆவதும் இதே பாதைதான்.

ஆகவே ஒருநாள் விரதத்தைவிட விளக்கை அணைப்பது பயன் தரும். அறிவிப்புகளை நிறுத்துங்கள், கைப்பேசியைப் பக்கத்து அறையில் வையுங்கள்.

வீட்டில் யாராவது பார்க்கின்சனுக்கு டோபமைனைப் போல வேலை செய்யும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் எடுத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஆறேழு பேரில் ஒருவருக்குச் சூதாட்டம், அளவில்லாமல் பொருள் வாங்குவது, பாலியல் வேட்கை என்று கட்டுப்படாத உந்துதல் வருகிறது. அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். மருந்தை நீங்களே நிறுத்தாதீர்கள், மருத்துவர் மெல்லக் குறைப்பார்.

கேள்வி: பிறவியிலேயே வலி தெரியாதவர்கள் இருக்கிறார்களாமே? கொடுத்துவைத்தவர்கள்!

பதில்: நாக்கைக் கடித்துத் துண்டாக்கிய குழந்தைகளையும், முறிந்த காலோடு நடந்து மூட்டு சிதைந்தவர்களையும் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். 2006-இல் இதற்கான ஒரு மரபணுக் காரணம் தெரியவந்தது. வலி நரம்பில் சோடியத்தை உள்ளே விடும் நாவ் 1.7 என்ற நுழைவாயில் அவர்களிடம் வேலை செய்வதில்லை. உடனே மருந்து நிறுவனங்கள் அந்த வாயிலை அடைக்கும் மருந்துகளைத் தேட ஆரம்பித்தன, எதிர்பார்த்த பலன் வரவில்லை. 2015-இல் ஒரு காரணம் புலப்பட்டது. அந்த வாயில் இல்லாத எலிகளில் என்கெஃபலின் அதிகமாகச் சுரந்தது. பிறவியிலிருந்தே வலி அறியாத 39 வயதுப் பெண் ஒருவருக்கு நாலாக்ஸோன் செலுத்தி லேசர் சூடு வைத்துப் பார்த்தார்கள். அவருக்கு முதன்முறையாக வலித்தது. வாயிலை அடைப்பதோடு சிறிதளவு ஓபியாய்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது.